பெட்டிக்குள் அடைபட்ட ஐந்து ஸ்வரங்கள்

ராக் கிதாரில் தனிவாசிப்பு, அதாவது சோலோ, கற்க வருகிற ஒருவருக்கு இன்று முதலில் கையில் தரப்படுவது இசை அல்ல, ஒரு படம். தந்திகளுக்கு ஆறு கோடுகள், ஃபிரெட்டுகளுக்குச் சில குறுக்குக் கோடுகள், இடையிடையே கறுப்புப் புள்ளிகள். ஐந்தாவது ஃபிரெட்டில் தொடங்கும் ஏ மைனர் பென்டடானிக்கின் 'முதல் பெட்டி' என்று அதற்குப் பெயர். ஏ, சி, டி, இ, ஜி என்று ஐந்தே ஸ்வரங்கள். இந்தப் பெட்டிக்குள் எங்கே விரல் வைத்தாலும் தவறு நேராது என்று கற்பிப்பவர் உறுதியளிக்கிறார். எங்கள் வழக்கு இந்த உறுதிமொழியின் மீதுதான். தவறே நேர முடியாத இடத்தில் சரி என்று எதைச் சொல்வது?

பெட்டிக்குப் பிறகு உத்திகள் வருகின்றன. ஹாமர்-ஆன், புல்-ஆஃப், மேலும் கீழுமாக மாற்றி மாற்றி மீட்டுதல், ஸ்வீப், டேப்பிங். அதன் பிறகு பாணிகள்: ப்ளூஸ், ஹார்ட் ராக், நியோ கிளாசிக்கல், மெட்டல். ஓட்டல் சுவரில் மாட்டிய விலைப்பட்டியல் போல, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாணிக்கும் பத்துப் பன்னிரண்டு 'லிக்'குகள், அதாவது சிறு சொற்றொடர்கள், எண்ணிட்டுத் தரப்படும். ப்ளூஸ் லிக் எண் ஏழு, மெட்டல் லிக் எண் பதினொன்று. அவற்றை யார் முதலில் வாசித்தார்கள், எந்தப் பாட்டின் எந்த இடத்தில், எந்த வரிக்குப் பதிலாக என்பது சொல்லப்படுவதில்லை. விரல்களுக்கு எண் போதும் என்பது நம்பிக்கை.

இலக்கியம் பேசும் இடத்தில் கிதாருக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். முன்னோர் சொன்ன சொல்லை எப்படி வாங்குவது, வாங்கியதை எப்படித் தன்னுடையதாக்குவது, கடனை எங்கே ஒப்புக்கொள்வது என்கிற கேள்விகள் எழுதுகிறவருக்கும் உள்ளவைதாம். யாப்பு நூலைக் கரைத்துக் குடித்துவிட்டு ஒரு கவிதையையும் வாசிக்காத ஒருவர் எழுதும் வெண்பா எப்படியிருக்கும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. தளை தட்டாது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வெளியே நின்று கல்லெறிகிறோம் என்று எண்ண வேண்டாம். இக்குழுவில் எழுதும் எங்களில் மூவர் கிதார் வாசிப்பவர்கள். ஏனையோர் அதைச் சகித்துக்கொள்பவர்கள். அந்த மூவரும் கற்றது இதே வழியில்தான். நகலெடுத்த தாள்கள், ஒரு மெட்ரோனோம், நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கி 180 வரை ஏற்றிக்கொண்டுபோகும் பயிற்சி. நான்கு ஆண்டுகள் இப்படிக் கழிந்த பின் ஒரு மாலையில் நண்பர் ஒருவர் மெதுவான ப்ளூஸ் ஒன்றைப் பாடினார். பன்னிரண்டு தாள அளவுகள் கொண்ட அந்த வடிவத்தில் பாடுகிறவர் ஏறத்தாழ இரண்டு அளவு பாடுவார். அடுத்த இரண்டு அளவுகளில் கிதார் பதில் சொல்ல வேண்டும். அவர் ஒரு வரி பாடி நிறுத்தினார். எங்கள் விரல்கள் ஐந்தாவது ஃபிரெட்டுக்குப் போயின, மேலிருந்து கீழாக ஓடின, திரும்பி ஏறின. ஒரு ஸ்வரமும் தப்பவில்லை. பாடியவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வரியை மட்டும் சற்று முன்னதாகவே தொடங்கிவிட்டார். அதற்கடுத்த வரியை இன்னும் முன்னதாக. பாட்டு முடிவதற்குள் எங்களுக்கு இடமே இல்லாமற் போயிற்று.

அன்று எங்களிடம் இல்லாதிருந்தது வேகமோ ஸ்வர அறிவோ அல்ல. அவர் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. கேட்பதற்கு எங்களை எவரும் பழக்கவில்லை, நாங்களும் பழகிக்கொள்ளவில்லை. ராக் கிதாரின் சோலோ காதால் கைமாறி வந்த ஒரு பேச்சு. அதைக் கண்ணுக்கான பாடமாக மாற்றியதில் பேச்சு போய் உதட்டசைவு மட்டும் எஞ்சியிருக்கிறது என்பது எங்கள் வாதம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வைப்ரேட்டோவை எடுத்துக்கொள்வோம். அழுத்திய ஸ்வரத்தை விரலால் அதிரச் செய்யும் உத்தி. எல்லாப் பாடத்திட்டங்களிலும் ஓர் அத்தியாயம். மணிக்கட்டைச் சுழற்றவும், சீராக அசைக்கவும், தினம் பத்து நிமிடம் பயிலவும் என்று இருக்கும். அது எங்கிருந்து வந்தது? 1925இல் மிசிசிப்பியில் பிறந்த பி.பி. கிங்குக்கு புக்கா வைட் என்ற உறவினர் இருந்தார். தந்தியின் மீது உலோகக் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கலைஞர் அவர். அந்த அழுகுரல் போன்ற ஒலி கிங்கை ஆட்டுவித்தது. எவ்வளவு முயன்றும் ஸ்லைடு அவருக்குக் கைவரவில்லை. குழாயை விட்டுவிட்டு, அதே ஒலி கிடைக்கிறதா பார்ப்போமென்று வெறும் விரலைத் தந்திமேல் நடுங்கவிட்டார். இதைக் கிங்கே பலமுறை சொல்லியிருக்கிறார். ராக் கிதாரின் மிக முக்கியமான உத்திகளில் ஒன்று, ஒருவர் இன்னொருவரைப் போல வாசிக்க முயன்று தோற்றதில் பிறந்திருக்கிறது. முதலில் காதுக்குள் ஓர் ஒலி இருந்தது. அதைத் தேடி விரல் பின்னால் போயிற்று. நம் பாடத்திட்டம் விரலை முன்னே அனுப்பிவிட்டுக் காது வருமென்று காத்திருக்கிறது.

விளைவு என்னவென்றால் எல்லோருடைய வைப்ரேட்டோவும் ஒன்றுபோல் இருக்கிறது. 'ஆல் ரைட் நவ்' பாட்டில் பால் காஸாஃப் வாசித்ததை 1970லிருந்து கேட்டுவருகிறோம். அவருடைய அதிர்வு அகலமும் அவசரமும் கொண்டது. கிங்குடையது சிறகடிப்பு. கிளாப்டனுடையது வேறு. தொலைபேசியில் 'ஹலோ' என்றதும் ஆளைக் கண்டுகொள்வது போல ஒற்றை ஸ்வரத்தில் இவர்களைக் கண்டுகொள்ளலாம். இன்னொன்று: கிங் பாடும்போது கிதார் வாசிப்பதில்லை, வாசிக்கும்போது பாடுவதில்லை. குரல் விட்ட இடத்தில் கிதார் தொடரும். எங்கள் நண்பர் அன்று எங்களிடம் எதிர்பார்த்தது இதைத்தான்.

ஆல்பர்ட் கிங்கின் கதை இன்னும் வேடிக்கையானது. இடக்கையர். வலக்கையருக்கான கிதாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்தவர். ஆகவே மெல்லிய தந்திகள் மேலேயும் தடித்தவை கீழேயுமாக இருந்தன. மற்றவர்கள் மேல்நோக்கித் தள்ளுகிற தந்தியை அவர் தரையை நோக்கி இழுத்தார். சுருதி சேர்த்ததும் வழக்கமான முறையில் அல்ல. எந்தப் பெட்டிப் படமும் அவர் கைக்குப் பொருந்தாது. ஆனால் 1967இல் கிரீம் குழுவின் 'ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ'வில் கிளாப்டன் வாசித்த சோலோ ஆல்பர்ட் கிங்கின் சொற்றொடர்களால் நிரம்பியது. 1983இல் டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' பாட்டில் ஸ்டீவி ரே வான் வாசித்ததிலும் அதே குரல். அவ்வாண்டு டிசம்பரில் கனடாவின் ஹாமில்டன் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றில் ஆல்பர்ட் கிங்கும் வானும் சேர்ந்து வாசித்த பதிவு 1999இல் தட்டாக வெளிவந்தது. அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அங்கே நடப்பது மாணவன் ஆசிரியர் முன் பாடம் ஒப்பிப்பது அல்ல. மூத்தவரின் வாக்கியத்தை இளையவர் முடித்துவைப்பது. தலைகீழாகப் பிடித்த கிதாரிலிருந்து நேராகப் பிடித்த கிதாருக்கு அந்தப் பேச்சு எப்படிப் போயிற்று? விரலைப் பார்த்துப் போயிருக்க முடியாது.

இவ்வாறு ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிய கதைகளைத் தொடர்ந்துகொண்டே போகலாம். 1958இல் வெளிவந்த 'ஜானி பி. குட்'டின் தொடக்கம் ராக் இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதை சக் பெரி வாங்கியது 1946இல் லூயி ஜோர்டன் குழுவின் தட்டொன்றில் கார்ல் ஹோகன் வாசித்த தொடக்கத்திலிருந்து. 1968இல் டோர்ஸ் குழுவின் 'ஃபைவ் டு ஒன்'னில் ராபி கிரீகர் வாசித்த சோலோ 1975இல் கிஸ் குழுவின் 'ஷீ'யில் ஏஸ் ஃப்ரேலியிடம் வந்து, 1991இல் பேர்ல் ஜாமின் 'அலைவ்' பாட்டில் மைக் மெக்ரீடியின் கைக்குச் சேர்ந்தது. மெக்ரீடி இக்கடனை மறைத்ததில்லை. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே வாக்கியத்தை மூன்று வட்டார வழக்குகளில் கேட்பது போலிருக்கும்.

இங்கேதான் 'சொந்தக் குரல்' கட்சியினர் குறுக்கிடுவார்கள். பிறருடைய சோலோவை அப்படியே வாசிப்பது அடிமைத்தனம், பெட்டியைக் கற்றுக்கொண்டு சொந்தமாக வாசிப்பதே படைப்பு என்பார்கள். கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் மேலே பெயர் சொன்ன ஒருவரும் அப்படி வளரவில்லை. எடி வான் ஹேலன் கிரீம் காலத்துக் கிளாப்டனின் சோலோக்களை ஒலி ஒலியாகப் பாடம் செய்தவர். எவரைப் போலவும் வாசிக்காதவராக அவர் ஆனது, ஒருவரைப் போலவே வாசிக்க முயன்று கடந்த பின். பெட்டியிலிருந்து நேரடியாகச் சொந்தக் குரலுக்குப் போகலாம் என்பவர்களிடம் அப்படிப் போன ஒருவரைக் காட்டச் சொல்கிறோம். காட்டட்டும்.

கடன் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்; எங்களுக்கு இதில் கோபம் வருவது இவ்விடத்தில்தான். எண்ணிட்ட லிக்குகள் அனாதைகள் அல்ல. ஒற்றைத் தந்தியில் தனிமொழி பேசுவதை 1920களிலேயே பதிவு செய்தவர் லானி ஜான்சன். மின்கிதாரை ப்ளூஸின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர் டி-போன் வாக்கர். 'ஸ்டார்மி மண்டே' 1947ஆம் ஆண்டுத் தட்டு. சிஸ்டர் ரோசெட்டா தார்ப் தேவாலயப் பாட்டுக்கு நடுவே மின்கிதாரில் சோலோ வாசித்த பெண்மணி. 1964இல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ரயில் நிலையமொன்றில் தொலைக்காட்சிக்காக அவர் வாசித்த பதிவு இருக்கிறது. மழை ஈரத்தில் நீளக் கோட்டணிந்து, எவரிடமும் அனுமதி கேட்காத ஒரு வாசிப்பு. ராக் அண்ட் ரோல் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2018இல். அவர் இறந்து 45 ஆண்டுகள் கழித்து. கறுப்பின மக்களின் வாயிலிருந்தும் கையிலிருந்தும் வந்த சொற்களுக்கு 'ப்ளூஸ் லிக் எண் ஏழு' என்று பெயரிடுவது வசதிக்காகச் செய்யும் சுருக்கம் என்று நாங்கள் ஏற்கவில்லை. பெயரை அழிப்பது என்றே சொல்வோம். 1960களின் ஆங்கிலேய இளைஞர்கள்கூட இந்த விஷயத்தில் ஓரளவு மேல். 1966இல் ஜான் மேயால் குழுவோடு கிளாப்டன் வாசித்த தட்டில் ஃப்ரெடி கிங்கின் 'ஹைட்அவே' இருக்கிறது. கேட்டவர்கள் ஃப்ரெடி கிங்கைத் தேடிப் போக முடிந்தது. எல்லோரும் அவ்வளவு நேர்மையாக இருக்கவில்லை. 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக லெட் செப்பெலின்மீது வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது.

இனி டேப்லச்சர். ஆறு கோடுகள் போட்டு எந்தத் தந்தியில் எத்தனையாவது ஃபிரெட் என்று எண்ணால் குறிப்பது. இதைப் புதிய சீரழிவு என்று சொல்ல மாட்டோம். ஐரோப்பாவில் லூட் வாத்தியத்துக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே இவ்வகைக் குறியீடு வழக்கிலிருந்தது. ஆனால் ராக் சோலோ விஷயத்தில் அது சொல்லாமல் விடுகிறவைதாம் அதிகம். தட்டச்சில் புழங்கும் டேப்களில் ஸ்வரத்தின் கால அளவு கிடையாது. தந்தியை வளைக்கும் இடத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பி எழுத்து இருக்கும். எவ்வளவு வேகத்தில் ஏற வேண்டும், உச்சியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், வளைத்த பிறகு மீட்டுவதா மீட்டிய பிறகு வளைப்பதா, இறங்கும் வழி காதில் விழ வேண்டுமா கூடாதா? ஒரு பி இத்தனையையும் சுமக்காது. ஏ மைனர் பெட்டியில் உள்ள சி ஸ்வரத்தைப் ப்ளூஸ்காரர்கள் உள்ளபடி வாசிப்பது அரிது. சிக்கும் சி ஷார்ப்புக்கும் நடுவே எங்கோ ஓரிடத்துக்கு அதைச் சற்றே நகர்த்துவார்கள். அந்த இடத்தில் ஃபிரெட் இல்லை. பியானோவில் அதற்குக் கட்டை இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஒருவருக்கு இருக்கும் இடம் மற்றவருக்கு இருப்பதில்லை. ஒருவருக்கே பாட்டுக்குப் பாட்டு மாறும்.

டேப் இல்லாவிட்டால் ஆசிரியரற்ற ஊர்களில் எத்தனை பேர் கிதாரைத் தொட்டே இருக்க மாட்டார்கள் என்று கேட்கப்படும். உண்மை. எங்களில் இருவர் அப்படிப்பட்ட ஊர்க்காரர்களே. அந்தத் தாள்களுக்கு நன்றியும் உண்டு. கோட்டுப்படத்தை வீடு என்று நம்பிக் குடியேறியதுதான் எங்கள் தவறு. முந்தைய தலைமுறையினருக்கு வேறு வழியிருக்கவில்லை. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடவேண்டிய தட்டை, பழைய பிளேயர்களில் இருந்த 16⅔ சுற்றுக்கு மாற்றினால் வேகம் சரிபாதியாகும். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், ஸ்வரங்கள் மாறா. ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து ஒரே இடத்தை நூறு முறை கேட்டார்கள். தட்டு தேய்ந்தது. சோலோ ஏறியது. இன்றைக்கோ சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கும் மென்பொருள் இருக்கிறது. முழுப் பதிவிலிருந்து கிதாரை மட்டும் ஏறக்குறையப் பிரித்துத் தருகிற மென்பொருளும் வந்துவிட்டது. கேட்பது இவ்வளவு எளிதாக என்றுமே இருந்ததில்லை. நாமோ ஒலியைக் குறைத்துவிட்டு, திரையில் யாரோ ஒருவரின் இடக்கை விரல்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நிற்க. இதுவரை படித்துவிட்டுச் சிலர் தலையாட்டத் தொடங்கியிருப்பார்கள் என்று தெரியும். 'ஆமாம், வேகத்தில் என்ன இருக்கிறது, உணர்ச்சியல்லவா முக்கியம்' என்பவர்கள். அவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. 'வேகம் என்றால் உணர்ச்சியின்மை' என்பது பயிற்சி செய்யச் சோம்பல்படுகிறவர்கள் கண்டுபிடித்த அழகியல். 1978இல் வெளிவந்த 'இரப்ஷன்' ஒரு நிமிடம் 42 நொடி. வலக்கை விரலையும் ஃபிரெட் பலகையில் தட்டி வாசிக்கும் டேப்பிங் உத்தி அதனால்தான் உலகமறிந்தது. வான் ஹேலனுக்கு முன்பே ஜெனிஸிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் அதைச் செய்திருக்கிறார். வான் ஹேலனுக்கு அது உதித்தது 'ஹார்ட்பிரேக்கர்' பாட்டில் ஜிம்மி பேஜ் இடக்கையால் மட்டும் வாசித்த ஓரிடத்தைக் கேட்டு. அந்தச் சத்தத்தை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். இடக்கை எட்டாத இடத்துக்கு வலக்கையை அனுப்பினார். இரப்ஷனின் நடுவே க்ராய்ட்ஸரின் வயலின் பயிற்சி ஒன்றும் வந்து போகிறது. இதில் உணர்ச்சி இல்லை என்பவர் அதைக் கேட்டதே இல்லை, ஓடுகிற விரல்களை மட்டும் பார்த்திருக்கிறார்.

இங்வே மால்ம்ஸ்டீனும் அப்படியே. 'ரைஸிங் ஃபோர்ஸ்' வந்த 1984க்குப் பிறகு அவரைப் பழிப்பது நாகரிகமாகிவிட்டது. அவர் காதில் இருந்தவை பகானினியின் வயலினும் பாக்கும். வயலின் போகிற வேகத்தில் போக கிதாரும் கற்றாக வேண்டியிருந்தது. பழிக்கப்பட வேண்டியவர்கள் அவரிடமிருந்து பகானினியை எடுக்காமல் வேகமானியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள். ரேண்டி ரோட்ஸ் ஆஸி ஆஸ்போர்னோடு ஊர் ஊராகச் சுற்றியபோதும் போகிற இடங்களில் செவ்வியல் கிதார் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். 1982இல் விமான விபத்தில் மாண்டபோது வயது 25. மெட்டல் சோலோக்காரர்களுக்குக் காது கிடையாது என்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

சரியான கை நிலை என்று அத்தியாயம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லி நகர்கிறோம்: டோனி ஐயோமி. 17 வயதில், பர்மிங்ஹாம் உலோகத் தகட்டு ஆலையொன்றில், ஃபிரெட்டுகளை அழுத்தும் கையின் இரண்டு விரல்நுனிகளை இயந்திரத்திடம் இழந்தவர். தீக்காயத்தால் இரண்டு விரல்கள் முடங்கிய பின்னும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு ஒன்றை ஆலை மேற்பார்வையாளர் போட்டுக் காட்டியபோது மீண்டும் கிதாரை எடுத்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். அழுத்த வலுவில்லாததால் மெல்லிய தந்திகளை மாட்டினார். பின்னாளில் சுருதியையும் தளர்த்தினார். பிளாக் ஸப்பாத்தின் அந்த இருண்ட ஒலி ஓரளவு அங்கிருந்துதான் வருகிறது.

உணர்ச்சிக் கட்சியினரின் மற்றொரு நம்பிக்கை, நல்ல சோலோ அந்தக் கணத்தில் தானாகப் பீறிட்டு வருவது என்பது. 1979இல் வெளிவந்த 'கம்ஃபர்டப்லி நம்ப்' பாட்டின் இறுதி சோலோவை ராக் வரலாற்றின் உச்சங்களில் ஒன்றென்று அவர்களே சொல்வார்கள். டேவிட் கில்மர் அதைப் பலமுறை வாசித்துப் பதிவு செய்து, ஒவ்வொரு பதிவிலும் நன்றாக வந்த அளவுகளைத் தாளில் குறித்து, துண்டு துண்டாகச் சேர்த்து ஒன்றாக்கினார். எழுதுகிறவர்களுக்கு இது விளங்கும். திருத்திய கையெழுத்துப் பிரதி அது. 1976ஆம் ஆண்டின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வின் கதை இன்னும் நன்று. டான் ஃபெல்டர் வீட்டில் தனியே பதிவு செய்த மாதிரி நாடாவில் அந்தக் கிதார் வரிகள் இருந்தன. மயாமி ஒலிக்கூடத்தில் அவர் புதிதாக ஏதோ வாசிக்கத் தொடங்க, பழையதுதான் வேண்டுமென்று டான் ஹென்லி நிறுத்தினார். நாடாவோ கலிஃபோர்னியாவில். வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தொலைபேசி போட்டு, நாடாவை ஓடவிட்டு ரிசீவரை அருகே பிடிக்கச் சொல்லி, தான் வாசித்ததைத் தானே காதால் மீண்டும் கற்றுக்கொண்டதை ஃபெல்டர் விவரித்திருக்கிறார்.

எதிர்த்திசையிலும் சான்றுண்டு. 1991இல் நிர்வாணா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' வெளிவந்தபோது, பாட்டின் மெட்டையே கிதாரில் ஏறத்தாழ அப்படியே வாசித்து அதைத் தன் சோலோ என்றார் கர்ட் கோபேன். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே நீல் யங் 'சின்னமன் கேர்ள்' பாட்டில் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டியே சோலோவை முடித்திருந்தார். பெட்டிக்காரர்களின் கணக்கில் இவை பூஜ்ஜியம் மதிப்பெண் பெறும்.

அப்படியானால் கற்பிக்கவே முடியாதா? முடியும், கற்பித்திருக்கிறார்கள். நியூயார்க்கில் லென்னி டிரிஸ்டானோ என்று கண்பார்வையற்ற ஜாஸ் பியானோ கலைஞர் ஒருவர் இருந்தார். லெஸ்டர் யங்கின் சாக்ஸஃபோன் சோலோக்களைத் தட்டோடு சேர்ந்து பாடச் சொல்வது அவர் முறை. வாத்தியத்தைத் தொடுவது அப்புறம். மூச்சு விடுமிடம், இழுக்குமிடம், மௌனம் எல்லாம் தொண்டைக்கு வந்த பிறகே விரலுக்கு அனுமதி. 1970களில் அவரிடம் சிலகாலம் படித்த கிதார்க்காரர் ஒருவர் ஜோ சாட்ரியானி. அந்த சாட்ரியானியிடம் கற்றவர்கள் ஸ்டீவ் வாயும் மெட்டாலிகாவின் கர்க் ஹேமட்டும். வாய் இளம் வயதிலேயே ஃப்ராங்க் ஸாப்பாவின் சிக்கலான சோலோக்களைக் காதால் கேட்டுத் தாளில் எழுதுகிற வேலையில் அமர்ந்தார். 1982இல் அவை புத்தகமாயின. ஆகவே எழுத்துமுறைமீது எங்களுக்குப் பகையில்லை. கேட்டு எழுதிய தாள் எழுதியவருக்குச் செய்யும் நன்மையை, கேட்காமல் படிக்கும் தாள் படிப்பவருக்குச் செய்வதில்லை. வான் ஹேலனின் தலைமுறையோடு போட்டியிட்ட வேகக்காரர்களான சாட்ரியானி, வாய் ஆகியோரின் பின்னால் பாட்டுப் பாடச் சொன்ன ஒரு பியானோக்காரர் இருந்தார் என்பதை உத்திப் புத்தகங்கள் எங்கே சொல்கின்றன?

இவ்விடத்தில் நம்மவர் ஒருவர் எழுந்து, 'இதெல்லாம் எங்கள் கமகம்தானே' என்பார். அவசரம் வேண்டாம். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதும் கிதாரில் வளைப்பதும் கைச்செயலில் உறவுள்ளவைதாம். ஜான் மெக்லாஃப்லின் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை பயின்றார். பிறகு சக்தி குழுவில், ஃபிரெட்டுகளுக்கிடையே குழிவாகச் செதுக்கிய கிதாரை வாசித்தார். தந்தியை ஆழமாக இழுக்க அந்தக் குழிவு உதவுகிறது. உறவு இவ்வளவுதான். ப்ளூஸின் வளைவு ராக இலக்கணத்துக்குள் பிறந்ததல்ல. பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் குரலிலிருந்து வந்தது. எதைக் கண்டாலும் நம்முடையது என்று முத்திரை குத்துவதும், எண்ணிட்டுப் பெயரழிப்பதும் எங்கள் பார்வையில் ஒரே செயலின் இரு வகைகள்.

நாங்கள் மூவரும் இப்போது செய்வது இது. மூன்று மாதத்துக்கு ஒரு சோலோ, அதற்குமேல் இல்லை. முதல் வாரம் கிதார் உறைக்குள். பேருந்திலும் சமையலறையிலும் பாடிப் பார்ப்பது. வீட்டாரின் பொறுமை கருதி மெதுவாக. பாட முடியாத இடம் வந்தால் அங்கே நாங்கள் கேட்கவில்லை என்று பொருள், திரும்பவும் ஓடவிடுவோம். இரண்டாம் வாரம் ஸ்வரங்களைக் கிதாரில் தேடுவது, பெட்டியைப் பாராமல். 'ஸ்டேர்வே டு ஹெவன்' சோலோவை இப்படித் தேடியபோதுதான், ஏ மைனர் பென்டடானிக் என்று எங்களுக்குச் சொல்லப்பட்ட அதில் பேஜ் எஃப் ஸ்வரத்தில் போய் நிற்பது காதில் விழுந்தது. அடியில் எஃப் கார்டு ஒலித்துக்கொண்டிருக்கிறது. அவர் அதற்குப் பதில் சொல்கிறார். பெட்டியில் எஃப் கிடையாது. நான்காண்டுகளாக அந்த ஸ்வரத்தை வாசித்துக்கொண்டிருந்தோம், தாளில் எண் இருந்ததால். அது ஏன் அங்கே இருக்கிறதென்று ஒருமுறையும் கேட்டதில்லை. பிறகு, அந்த வாசிப்பாளர் யாரிடமிருந்து வாங்கினார் என்று தேடிப்போய் அந்தத் தட்டைக் கேட்பது. வேகப் பயிற்சியும் உண்டு. மெட்ரோனோமைத் தூக்கி எறிந்துவிடவில்லை.

தற்சமயம் எடுத்துக்கொண்டிருப்பது பி.பி. கிங் 1969இல் பதிவு செய்த 'த திரில் இஸ் கான்'. பி மைனர். பாடத் தொடங்குமுன் வரும் கிதார் முன்னுரை மட்டும். எங்களில் மூத்தவர், வேகத்தில் ஒருகாலத்தில் 180ஐத் தாண்டியவர், மூன்று வாரமாக அதன் முதல் சொற்றொடரிலேயே இருக்கிறார். ஸ்வரங்கள் முதல் நாளே கிடைத்துவிட்டன. வளைத்த தந்தி உச்சியைத் தொடுகிற கணமும் நடுக்கம் தொடங்குகிற கணமும் ஒன்றல்ல, நடுவே மிகச் சிறிய ஓர் அசைவின்மை இருக்கிறது என்பது போன செவ்வாய்க்கிழமைதான் அவருக்குக் கேட்டது. இன்னும் வாசிக்க வரவில்லை.